கூட்டம் கலைந்த பின்: குளிர்காலத்துப் பிரெஞ்சுக் கிராமங்கள்

பிரான்சு நாட்டின் தென்மேற்குப் பகுதியிலே லோற் என்னும் ஆறு சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடுகின்றது. அவ்வாற்றின் இடக்கரையில், நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய நூறு மீற்றர் உயரத்தில், செங்குத்தான பாறையொன்றின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்பது போல அமைந்திருக்கிறது சென் சீர் லாப்போப்பி என்னும் கிராமம். கூரிய சரிவுடைய ஓட்டுக்கூரைகள், மரச்சட்டங்களிடையே கல்லும் செங்கல்லும் நிரப்பிக் கட்டிய சுவர்கள், இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டிய ஒழுங்கைகள், எல்லாவற்றுக்கும் மேலே பாறையோடு பாறையாக எழுந்து நிற்கும் தேவாலயம்: இவையே அவ்வூர். அங்கே நிரந்தரமாக வாழ்வோர் இருநூறு பேரளவினரே. 2012 ஆம் ஆண்டிற் பிரெஞ்சுத் தொலைக்காட்சி நேயர்கள் தங்கள் மனத்துக்கு மிக உகந்த கிராமமாக இதனைத் தெரிந்தெடுத்தனர்.

ஓகஸ்ட் மாதத்து நண்பகலொன்றில் அங்குச் செல்பவர் கிராமத்தைக் காண்பதில்லை. தமக்கு முன்னே செல்வோரின் முதுகுகளையே காண்கிறார். வண்டி நிறுத்துமிடங்கள் நிரம்பி வழிகின்றன. குளிர்களி விற்கும் கடை வாயிலில் நீண்ட வரிசை நிற்கின்றது. படம் பிடிப்போர் ஒருவர் நகர, மற்றொருவர் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றனர். அதே ஊருக்கு நவம்பர் மாதக் கடைசியிற் செல்பவர் காண்பது வேறு. தேர்த்திருவிழா முடிந்து, கடைகள் பிரித்தேற்றப்பட்ட மறுநாட் காலையிற் கோயில் வீதி எவ்வாறிருக்குமோ, அவ்வாறிருக்கின்றது அவ்வூர். ஆற்றிலிருந்து எழும் மூடுபனி பாறையின் பாதி வரை ஏறி நிற்கின்றது. ஓக்கு விறகு எரியும் புகை மணக்கின்றது. தம் காலடியோசையைத் தாமே கேட்டு ஒருவர் அந்த ஒழுங்கைகளில் நடக்கலாம். இஃது இனிய அனுபவம் என்பதில் ஐயமில்லை. ஆயின் சிறிது தூரம் நடந்தபின் ஒரு கேள்வியும் எழாமற் போகாது. மூடிக்கிடக்கும் இத்தனை யன்னல்களுக்குப் பின்னே யாரேனும் இருக்கின்றனரா?

பிரெஞ்சு மக்கள் கோடைகாலத்தில் ஒரே வேளையில் திரண்டு புறப்படுவதற்குக் காரணம் உண்டு. 1936 ஆம் ஆண்டிற் பதவிக்கு வந்த மக்கள் முன்னணி அரசாங்கம், தொழிலாளர் யாவர்க்கும் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டமாக்கிற்று. அதுகாறும் கடலையே கண்டிராத தொழிலாளர் குடும்பங்கள் புகையிரதத்திலும் துவிச்சக்கர வண்டியிலும் புறப்பட்டன. 1956 இல் அவ்விடுமுறை மூன்று வாரமாயிற்று. 1969 இல் நான்கு வாரம். 1982 இல் ஐந்து வாரம். பாடசாலைகள் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் மூடப்படுவதால் விடுமுறையிற் பெரும்பகுதி அம்மாதங்களிலேயே கழிகின்றது. கடற்கரைகள் நிரம்பியபோது மக்கள் கிராமங்களை நோக்கித் திரும்பினர்.

அவ்வாறு திரும்பியவர்களுக்கு வழிகாட்டியது ஒரு சங்கம். கொரேஸ் மாவட்டத்திலே கொலோஞ்சு லா ரூஜ் என்றொரு கிராமம் உண்டு. வீடு, கோபுரம், தேவாலயம் யாவும் செந்நிற மணற்கல்லாற் கட்டப்பட்ட ஊர் அது. அதன் பெயரிலேயே செம்மை உண்டு. அவ்வூரின் நகரபிதாவாயிருந்த சார்ல் செயிராக் என்பவர், பிரான்சின் அழகிய கிராமங்களைப் பற்றி ஒரு சஞ்சிகை நிறுவனம் வெளியிட்ட படநூலை 1981 இற் கண்ணுற்றார். அந்நூலில் இடம்பெற்ற ஊர்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1982 மார்ச்சு 6 ஆம் திகதி, சலேர் என்னும் ஊரில் 66 நகரபிதாக்களின் ஆதரவோடு 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்னும் சங்கம் தொடங்கப்பெற்றது. ஐந்தாவது வார விடுமுறை சட்டமான அதே ஆண்டு அது! சங்கத்திற் சேர விரும்பும் ஊரின் சனத்தொகை இரண்டாயிரத்துக்கு மேற்படலாகாது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற சின்னங்கள் அல்லது இடங்கள் குறைந்தது இரண்டேனும் அங்கு இருத்தல் வேண்டும். ஊர்ச்சபையின் தீர்மானமும் வேண்டும். இன்று அங்கத்துவ ஊர்கள் ஏறக்குறைய 180. பட்டியலிற் சேர்ந்த ஊர் பின்னர் நீக்கப்படுவதும் உண்டு. ஆகவே ஊர் எல்லையில் நிற்கும் அப்பெயர்ப்பலகை வெறும் அலங்காரமன்று. அதைக் காப்பாற்றிக்கொள்வதே சில சபைகளுக்குப் பெருங்கவலையாய் விடுகின்றது.

கிராமம் அழிந்துவிடாமற் காக்கவே செயிராக் இச்சங்கத்தை எண்ணினார். இவ்வூர்கள் அழகாய் இருப்பதற்குக் காரணம் அவை செல்வத்தோடு வாழ்ந்தது மட்டுமன்று. அச்செல்வம் ஒரு காலத்தில் நின்றுபோனதுமாகும். சென் சீர் லாப்போப்பியில் மரங்கடைவோர் நிறைந்திருந்தனர். மதுப் பீப்பாய்களுக்கு வேண்டிய மரக்குழாய்களைக் கடைந்து விற்று அவர்கள் வாழ்ந்தனர். தெருவைப் பார்த்த அகன்ற வளைவுடைய அவர்களின் பட்டறை வாயில்களை இன்றும் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கொடிமுந்திரியின் வேரைத் தின்னும் பிலொக்செரா என்னும் பூச்சி லோற் பள்ளத்தாக்கின் தோட்டங்களை அழித்தது. தோட்டம் போனபின் பீப்பாய் எதற்கு? பீப்பாய் போனபின் குழாய் எதற்கு? இளைஞர் நகரங்களுக்குச் சென்றனர். 1914 இல் எஞ்சியோரைப் போர் அழைத்துச் சென்றது. புதிய வீடு கட்டுவதற்குப் பணமுமில்லை, ஆளுமில்லை. பழைய வீடுகள் பழையனவாகவே நின்றன. பிற்காலத்தவர் போற்றும் தொன்மையில் ஒரு பாதி இவ்வாறு வறுமை காத்துக் கொடுத்ததே.

வெறுமையான அந்த ஊர்களுக்குக் கலைஞர்கள் வந்தனர். ஓவியர் ஆன்றி மார்த்தன் சென் சீர் லாப்போப்பியில் வீடு வாங்கித் தீட்டினார். அதீத யதார்த்தவாதத்தின் தலைவரெனப்பட்ட கவிஞர் அந்திரே பிரெத்தோன் 1950 இல் அவ்வூரைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்து, மறு ஆண்டே அங்கு வீடு வாங்கி, 1966 இல் இறக்கும் வரை கோடைதோறும் வந்து தங்கினார். அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. பண்பாட்டு அமைச்சராயிருந்த அந்திரே மல்ரோவின் பெயரால் வழங்கும் 1962 ஆம் ஆண்டுச் சட்டம், தனிக் கட்டடங்களை மட்டுமன்றிப் பழைய குடியிருப்புத் தொகுதிகளை முழுமையாகவே காக்க வழி செய்தது. இவ்வாறு அழகு பிழைத்தது. மக்கள் பிழைத்தனரா என்பது வேறு கேள்வி.

குளிர்காலத்தில் அங்குச் செல்ல விரும்புவோர் சில இடர்களுக்கு ஆயத்தமாயிருத்தல் வேண்டும். பாரிசில் லா சப்பல் பகுதியிற் கடை நடத்தியும் தொழில் செய்தும் வாழும் இலங்கைத் தமிழரைக் காணச் செல்லும் உறவினர், நகரத்தோடு நின்றுவிடாது நாட்டுப்புறத்தையும் பார்க்க விழைந்தால், ஓஸ்ரெலிட்ஸ் நிலையத்திற் புகையிரதமேறி ஐந்து மணித்தியாலத்துக்கு மேற் பிரயாணஞ் செய்து காஓர் நகரை அடையலாம். அங்கிருந்து ஆற்றோரமாக பஸ் செல்கின்றது. பஸ் கிராமத்துக்குள் ஏறுவதில்லை. மறுகரையில் இறங்கி, பாலத்தைக் கடந்து, மலைப்பாதையில் நடக்கவேண்டும். இந்த நடையே அவ்வூரைக் காணத் தகுந்த முறை எனலாம். மோட்டார் வண்டியில் மேலேறி வருபவருக்கு ஊர் திடீரெனக் காலடியிற் கிடக்கின்றது. நடந்து செல்பவருக்கோ பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு கூரையாக வெளிப்படுகின்றது.

விடுதிகளிற் பல நவம்பர் 11 ஆம் திகதியோடு மூடப்பட்டு, சில பெப்ரவரியிலும் சில உயிர்த்த ஞாயிறு விடுமுறையிலுமே திறக்கின்றன. முன்கூட்டி விசாரியாமற் சென்றால் இரவு படுக்க இடமின்றி மீள நேரும். டிசெம்பர் மாதத்திற் காலை எட்டு மணிக்கும் இருள் நீங்குவதில்லை; மாலை ஐந்தரைக்குள் மீண்டும் இருண்டுவிடுகின்றது. பாண் சுடுவோரும் கிழமையில் ஒருநாள் கடையை மூடுவர். எந்த நாளென்பதை ஊரார் அறிவர். புதியவர் பூட்டிய கதவைக் கண்டே அறிவார்.

இவ்விடர்களுக்கு ஈடாகக் கிடைப்பது மனிதரின் முகம். பிரெஞ்சுக் கடையினுள் நுழைபவர் முதலில் வணக்கம் கூறுதல் வேண்டும். கூறாது பொருள் கேட்பது மரியாதைக் குறைவு. ஓகஸ்ட் மாதத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோருக்கு மறுவணக்கம் கூறிக் களைத்த கடைக்காரி, சனவரியில் வருபவரை ஏறெடுத்துப் பார்க்கின்றாள். எங்கிருந்து வருகின்றீர்கள், இக்குளிரில் ஏன் வந்தீர்கள் என்று கேட்கின்றாள். கோப்பிக் கடையிற் கணப்பருகே அமர்ந்திருக்கும் முதியவர்கள் தங்கள் சம்பாஷணையை ஒரு கணம் நிறுத்திப் பின் தொடர்கின்றனர். தென்பிரான்சின் பல ஊர்களில் ஆலய மணிக்கூடு மணியை இருமுறை அடிக்கின்றது. ஒருமுறை அடித்து ஓரிரு நிமிடம் கழித்து அதே எண்ணிக்கையை மீண்டும் அடிக்கும். வயலில் நிற்பவன் முதன்முறை எண்ணத் தவறினால் இரண்டாம் முறை எண்ணிக்கொள்வதற்காக என்பர். கோடைகாலத்து இரைச்சலில் இதை யார் கவனிப்பர்?

நவம்பர் மாதத்தின் தொடக்கத்திலேயே இரண்டு நாட்கள் இவ்வூர்களின் உட்பக்கத்தைத் திறந்து காட்டுகின்றன. முதலாம் திகதி சகல பரிசுத்தர் திருநாள். நாடெங்கும் சிதறி வாழும் குடும்பத்தினர் தத்தம் முன்னோரின் கல்லறைகளுக்குச் செவ்வந்திப் பூச்சாடிகளைக் கொண்டு வந்து வைக்கின்றனர். பிரான்சிற் செவ்வந்தி கல்லறைக்குரிய பூ. ஒருவர் வீட்டுக்கு விருந்து செல்லும்போது அதை ஏந்திச் செல்லலாகாது. பதினோராந் திகதி 1918 ஆம் ஆண்டுப் போர் ஓய்வின் நினைவு நாள். பிரான்சிலே ஏறக்குறைய 35,000 ஊராட்சிகள் உள்ளன. போரில் இறந்தோர்க்கு நினைவுக்கல் இல்லாத ஊராட்சி மிக அரிது. முதலாம் உலகப்போரிற் பிரான்சு இழந்த வீரர் 13 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களில் மிகப் பலர் உழவர் மக்கள். சிற்றூர்களின் நினைவுக்கற்களில் ஒரே குடும்பப்பெயர் இரண்டு முறை, மூன்று முறை தொடர்ந்து பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நகரபிதா மூவர்ணப் பட்டையை அணிந்து வந்து பெயர்களைப் படிக்கின்றார். பல ஊர்களில் ஒவ்வொரு பெயருக்கும் பின் பாடசாலைப் பிள்ளைகள், 'பிரான்சுக்காக உயிர் நீத்தார்' என மறுமொழி கூறுகின்றனர். கோடைகாலத்துப் பிரயாணி அக்கல்லின் படியில் அமர்ந்து குளிர்பானம் அருந்தியிருப்பார். அவர் மீது குற்றமில்லை. அப்போது அஃது ஓர் இருக்கையாகவே தோன்றும்.

லோற் பள்ளத்தாக்கின் வழியே மேல்நோக்கிச் சென்று ஒரு கிளையாற்றின் பக்கம் திரும்பினால் கொங்க் என்னும் ஊர் வருகின்றது. ஸ்பெயின் தேசத்துச் சந்தியாகு திருத்தலத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் ஆயிரம் ஆண்டுகளாகத் தங்கிச் செல்லும் ஊர் இது. பலகைக்கல் வேய்ந்த கூரைகளின் நடுவே, ஊருக்கு மிஞ்சிய பெருமையோடு நிற்கின்றது புனித ஃபுவா தேவாலயம். பிரெஞ்சு மொழியில் ஃபுவா என்றால் விசுவாசம்; சிறுமியாயிருந்தே உயிர்ப்பலியான அப்புனிதையின் எச்சங்களைக் கொங்க் மடத்துத் துறவியொருவர் ஒன்பதாம் நூற்றாண்டில் வேறோர் ஊரிலிருந்து களவாகக் கொண்டு வந்தார் என்பது வரலாறு. களவிலே பிறந்த புகழ் என்று இதனைக் கூறத் தோன்றுகின்றது. எனினும் பின்வந்த ஊரார் அதற்குக் கைம்மாறு செய்தனர். பிரெஞ்சுப் புரட்சியின்போது ஆலயத் திரவியங்கள் பறிமுதலாகும் நிலை வந்தபோது, கொங்க் மக்கள் அவற்றைத் தத்தம் இல்லங்களிலும் தோட்டங்களிலும் மறைத்து வைத்து, அபாயம் நீங்கியபின் திருப்பிக் கொடுத்தனர். பொன்னும் மணியும் இழைத்த அத்திருவுருவம் இன்று அங்கு இருப்பது ஏழைக் குடியானவரின் நேர்மையினாலேயே.

1837 இல் வரலாற்றுச் சின்னங்களின் மேற்பார்வையாளராயிருந்த எழுத்தாளர் புரொஸ்பேர் மெரிமே அங்குச் சென்றார். இடிந்து விழும் நிலையிலிருந்த ஆலயத்தைக் கண்டு அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதி அதனைக் காப்பாற்றினார். மேற்கு வாயிலின் மேலே இறுதித் தீர்ப்புக் காட்சி கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது. அதில் 124 உருவங்கள். கோடையில் அதன் முன்னே நிற்போர் கழுத்தை நிமிர்த்தவும் இடமின்றி நெருங்குகின்றனர். குளிர்காலத்து மாலை வெயில் படும்போது ஒருவர் தனியே நின்று, தண்டனை பெறுவோர் வரிசையிலே பணப்பையைக் கழுத்திற் கட்டிக்கொண்டு தொங்கும் உலோபியைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

உள்ளே மற்றோர் அதிசயம் உண்டு. அயல் நகரான ரொதேசிற் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ், பாடசாலை மாணவராயிருந்த காலத்தில் இவ்வாலயத்தைக் கண்டே ஓவியராவதென முடிவு செய்தார் என்பர். முதுமையில் அவரிடமே இதன் யன்னல்களுக்குக் கண்ணாடி அமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1994 இல் அது நிறைவேறியது. யன்னல்கள் 104. அவற்றில் வர்ணமோ உருவமோ இல்லை. ஊடுருவிப் பார்க்க முடியாத வெண்கண்ணாடியும் கரிய கோடுகளுமே உள்ளன. வர்ணக் கண்ணாடியை எதிர்பார்த்தோர் முதலில் வெகுண்டனர். ஆயின் அக்கண்ணாடி வெளியொளிக்கேற்ப மாறுகின்றது. மேகம் மூடிய டிசெம்பர் காலையில் நீலச்சாயை, வெயில் சாயும்போது இளஞ்செம்மை என அங்கே ஒரு மணித்தியாலம் அமர்ந்திருப்பவர்க்கு யன்னல்கள் பத்து வர்ணங்காட்டும். ஒரு மணித்தியாலம் அமர்ந்திருக்கக் கோடையில் யாருக்கு நேரம்?

குளிர்காலம் முழுவதும் இவ்வூர்கள் உறங்குகின்றன என்று எண்ணுவதும் தவறு. காஓர் நகருக்குத் தெற்கே லால்பாங்க் என்னும் ஊருண்டு. டிசெம்பர் முதல் மார்ச்சு வரை செவ்வாய்க்கிழமைதோறும் பிற்பகலில் அதன் பெருந்தெருவிலே துரூப் எனப்படும் கருங்காளானுக்குச் சந்தை கூடுகின்றது. ஓக்கு மரவேர்களை அண்டி மண்ணுக்குள்ளே விளையும் இக்காளானைப் பழக்கிய நாய் அல்லது பன்றி மோப்பம் பிடித்துக் காட்டும். கிலோ ஒன்று பல நூறு யூரோ விலைபோகும். தெருவோரம் நீண்ட வாங்குகளிற் கூடைகளை வைத்துக்கொண்டு விவசாயிகள் நிற்கின்றனர். கூடைகள் துணியால் மூடப்பட்டிருக்கும். அவர்களுக்கும் வணிகருக்கும் நடுவே ஒரு கயிறு. வணிகர் குனிந்து முகர்ந்து பார்ப்பர். விலை சிறு கடதாசித் துண்டில் எழுதிக் காட்டப்படும், அல்லது காதோடு காதாகச் சொல்லப்படும். குறித்த நேரத்திற் கயிறு நீங்கியதும் சில நிமிடங்களிற் பேரம் முடிந்து கூடைகள் கைமாறிவிடும். அங்கே கூச்சலில்லை, விளம்பரமில்லை. பிரயாணிகளுக்காக நடத்தப்படும் காட்சியும் அன்று.

கிழக்கே புரொவான்சு நாட்டில், ரிஷ்ரான்ஷ் என்னும் பழைய கோட்டையூரிலும் இத்தகைய சந்தை சனிக்கிழமைதோறும் கூடுகின்றது. அவ்வூரார் சனவரி மாதத்து மூன்றாம் ஞாயிறன்று நன்றித் திருப்பலி நடத்துகின்றனர். அன்று காணிக்கைக் கூடையில் நாணயத்துக்குப் பதிலாகக் காளானையே இடுகின்றனர். கோயில் முழுவதும் அதன் மணம் கமழும். பின்னர் அவை நகரமண்டபத்தின் முன்னே ஏலமிடப்பட்டுப் பணம் ஆலயத்தைச் சேர்கின்றது. விளைந்ததில் முதலைத் தெய்வத்துக்குக் கொடுக்கும் வழக்கம் எந்நாட்டு உழவர்க்கும் பொதுவானதே போலும்.

அதே வொக்லூஸ் மாவட்டத்திலே ரூசியோன் என்னும் ஊர் செம்மண் குன்றொன்றின் மேல் அமைந்துள்ளது. சுவர்களெல்லாம் அம்மண்ணின் காவி, மஞ்சள், செம்மை வர்ணங்கள். முன்னர் அம்மண்ணைத் தோண்டி வர்ணப்பொடியாக்கி ஏற்றுமதி செய்து ஊர் செழித்தது. செயற்கை வர்ணங்கள் வந்தபின் அத்தொழில் நலிந்தது. 1942 இல் ஜெர்மானிய இரகசியப் பொலிசாரிடமிருந்து தப்பிய ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கற், போர்க்காலத்தில் இவ்வூரில் ஒளிந்து வாழ்ந்தார். விவசாயிகளின் தோட்டங்களில் வேலை செய்து உணவு பெற்றார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அவரது நாடகமாகிய 'கொடோவுக்காகக் காத்திருத்தல்' என்பதன் பிரெஞ்சு மூலத்தில் இவ்வூரின் பெயர் வருகின்றது. காத்திருத்தலைப் பற்றிய நாடகத்துக்கு, மிஸ்ட்ரல் என்னும் வாடைக்காற்று வீசும் மலைக்கிராமத்துக் குளிர்காலங்களை விடப் பொருத்தமான பள்ளிக்கூடம் வேறென்ன?

பெக்கற் சென்று சில ஆண்டுகளின் பின், 1950 இல், லோறன்ஸ் வைலி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் மனைவி மக்களோடு வந்து அவ்வூரில் ஓராண்டு வாழ்ந்தார். அவர் எழுதிய 'வொக்லூஸிலே ஒரு கிராமம்' என்னும் நூல் 1957 இல் வெளிவந்தது. ஊராரின் மனம் நோகாதிருக்க ஊருக்குப் பெயிரான் என்று கற்பனைப் பெயர் சூட்டினார். ஓராண்டு தங்கியமையால் அவர் கண்டது பிறர் காணாதது. போரால் மனமுடைந்த விவசாயிகள் பழமரம் நட மறுத்தனர். கனி தரப் பல ஆண்டு செல்லும் மரத்தை நட்டு, அந்நிலம் ரஷ்யருக்கும் அமெரிக்கருக்கும் போர்க்களமாவதைப் பார்ப்பதா என்று கேட்டனர். பத்தாண்டளவிற் சென்று அவர் மீண்டும் வந்தபோது அதே ஊரில் மரங்கள் நடப்பட்டுக்கொண்டிருந்தன. ஒரு கிராமம் நாளையை நம்புகின்றதா என்பதை அறிய வேண்டுமாயின் அதன் கோபுரத்தையன்று, அதன் கன்றுகளையே பார்க்கவேண்டும் என்பது அவர் கண்ட காட்சியிலிருந்து பெறப்படும்.

வைலி தம் நூலில் மிக விரிவாக ஆராய்ந்தவற்றுள் ஒன்று அவ்வூர்ப் பாடசாலை. அதற்குக் காரணமுண்டு. ஜூல் பெரியின் 1881, 1882 ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஆரம்பக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் மதச்சார்பற்றதாகவும் ஆக்கியபின், பல சிற்றூர்களில் நகரமண்டபமும் பாடசாலையும் ஒரே கூரையின் கீழ் எழுந்தன. ஆசிரியரே சபையின் எழுதுவினைஞராயும் இருந்த ஊர்கள் எண்ணற்றவை. ஊரென்றால் ஓர் ஆலயம், ஒரு பாடசாலை, ஒரு பாண் கடை. இம்மூன்றுள் ஆலயம் ஆளின்றியும் நிற்கும். மற்ற இரண்டும் நில்லா.

இன்று பிரான்சின் வீடுகளிற் பத்தில் ஒன்றளவு விடுமுறை வீடுகள். அழகிய கிராமங்களில் அவ்விகிதம் இதனினும் மிக உயர்ந்து நிற்கின்றது. பாரிசிலும் இலண்டனிலும் வாழ்வோர் பழைய வீடுகளை வாங்கி, மிகுந்த அன்போடும் செலவோடும் திருத்துகின்றனர். அவர்கள் வாங்கியிராவிட்டால் அவற்றுட் பல இடிந்து போயிருக்கும் என்பதை மறுக்கலாகாது. ஆயின் வீட்டின் விலை ஏறியதனால், அவ்வூரிற் பிறந்த தச்சனும் தாதியும் அயலிலுள்ள அழகற்ற ஊருக்குக் குடிபெயர்கின்றனர். திருத்திய வீட்டில் ஆண்டுக்கு ஆறு கிழமை விளக்கெரிகின்றது. ஆறு கிழமைக்கு வரும் பிள்ளை பாடசாலையிற் சேர்வதில்லை.

அடுத்த செப்ரெம்பரில் எந்தப் பாடசாலையில் எத்தனை வகுப்புகள் நடைபெறும் என்பதைப் பிரெஞ்சுக் கல்வித் திணைக்களம் பெரும்பாலும் சனவரி, பெப்ரவரி மாதங்களிலேயே தீர்மானிக்கின்றது. கூட்டமற்ற காலத்தில் இவ்வூர்களிடையே செல்லும் பிரயாணி, பாடசாலை வேலியிலே பழைய படுக்கை விரிப்பில் எழுதிக் கட்டிய வாசகங்களைக் காண நேரும். எங்கள் வகுப்பை மூடாதீர்கள் என்பதே அவற்றின் பொருள். பெற்றோர் மழைக்குடைகளின் கீழ் நிற்பர். நகரபிதா மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதியிருப்பார். ஒரு குடும்பம் மூன்று பிள்ளைகளோடு குடிவரவிருக்கின்றது என்னும் செய்தி பாண் கடை வரிசையிற் கை மாறிக்கொண்டிருக்கும். சில ஊர்கள் அயலூர்களோடு ஒப்பந்தம் செய்து, சிறு வகுப்புகளை ஓரூரிலும் பெரு வகுப்புகளை மற்றோரூரிலும் நடத்துகின்றன. பிள்ளைகள் விடியுமுன் சிறு பஸ் வண்டியில் மலைப்பாதையிற் செல்கின்றனர்.

மார்ச்சு முடிவில் ஏணிகளும் வர்ணவாளிகளும் தெருவுக்கு வருகின்றன. யன்னற் கதவங்கள் நீலமும் சாம்பலுமாகப் புதுப்பூச்சுப் பெறுகின்றன. கோப்பிக் கடைக்காரர் கதிரைகளை வெளியே எடுத்து வைக்கின்றார். வேலியிற் கட்டிய விரிப்பும் அகற்றப்படுகின்றது. சில ஊர்களில் வகுப்பு மூடப்பட்டதால், சில ஊர்களில் தப்பியதால். ஓகஸ்ட் மாதத்தில் வரும் பிரயாணி அப்பாடசாலையின் பூட்டிய கதவைக் காண்கின்றார். விடுமுறைக் காலமல்லவா என்று எண்ணிக்கொண்டு, அடுத்த தெருவிலுள்ள கோபுரத்தைப் படம் பிடிக்கச் செல்கின்றார்.